இருதயமும் சிறுநீரகமும் ஒருங்கே தளர்ந்தால்

முதியவர் ஒருவர் மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் கொண்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், அவரைப் பார்க்கச் செல்லும் சுற்றத்தார் தம்முள் முரண்பட்டவை போலத் தோன்றும் மூன்று செய்திகளைக் கேட்க நேரிடுவதுண்டு. இருதயம் பலவீனமுற்றிருக்கின்றது என்பது முதற் செய்தி. இரத்தப் பரிசோதனையின்படி சிறுநீரகமும் தளர்ந்து வருகின்றது என்பது இரண்டாவது. இவ்வாறிருக்கவும், நோயாளி பருகும் நீரைக் குறைத்துவிட்டுச் சிறுநீரைப் பெருக்கும் ஊசி மருந்தை மேன்மேலும் ஏற்றுகின்றனர் என்பது மூன்றாவது. "சிறுநீரகம் கெடுகிறது என்கிறார்கள், பின்னர் அதனையே போட்டு வருத்துகிறார்களே! குடிக்கத் தண்ணீரும் கொடுக்கிறார்களில்லையே!" என்று உறவினர் கலங்குவது இயல்பே. அன்பு மிகுதியால் தாதியர் அறியாவண்ணம் ஒரு செவ்விளநீரைக் கொண்டுவந்து பருகக் கொடுப்பாரும் உளர்.

இக்கலக்கம் நியாயமானதா? அச்செவ்விளநீர் நன்மை செய்யுமா, தீமை செய்யுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் வைத்தியர் அல்லேம். மருந்து கூறுவது நமது தொழிலுமன்று. ஆயினும், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வைத்திய உலகம் இவ்விரு உறுப்புகளின் உறவை எவ்வாறு படிப்படியாக உணர்ந்துகொண்டது என்பதை அறிந்தால், நோயாளியின் கட்டிலருகே நிற்போர் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பது தானே விளங்கும்.

கூட்டுத் தொழில்

கல்லூரிகளில் நாம் இருதயத்தை ஓர் அத்தியாயத்திலும் சிறுநீரகத்தை வேறோர் அத்தியாயத்திலும் வைத்துக் கற்பிக்கின்றோம். உடலோ அவ்வாறு அத்தியாயம் பிரித்துக்கொண்டதன்று.

நமது இருதயம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 5 இலீற்றர் குருதியை உடலெங்கும் செலுத்துகின்றது. அதில் ஐந்திலொரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1 இலீற்றர், சிறுநீரகங்களுக்கே செல்கின்றது. அவ்விரண்டின் நிறையையும் கூட்டினாலும் 300 கிராம் அளவே வரும். உடல் நிறையில் நூற்றிலொரு பங்கும் இல்லாத உறுப்புக்கு இவ்வளவு பெரிய பங்கு ஏன் என்று வாசகர் வினவலாம். உடல் முழுவதுக்குமான நீரையும் உப்பையும் நிறுத்து அளப்பது அதன் கடமையாயிருத்தலே காரணம்.

குருதியை இருதயத்திலிருந்து கொண்டு செல்லும் குழாய்கள் நாடிகள். மீட்டுக்கொண்டு வருவன நாளங்கள். நாடி வழியே அழுத்தத்தோடு சிறுநீரகத்துள் நுழையும் குருதி, அங்குள்ள நுண்ணிய வடிகட்டிகளூடாகச் சென்று, நாளத்தின் வழியே வெளியேறுகின்றது. ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் வடிகட்டிகள் உள. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு 180 இலீற்றர் அளவு நீரை வடித்தெடுத்து, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைக் குருதிக்கே திருப்பி அளித்துவிட்டு, ஒன்றரை இலீற்றர் அளவை மட்டும் சிறுநீராகக் கழிக்கின்றன.

குருதியின் அளவை வரையறுப்பது சிறுநீரகம். அச்சிறுநீரகத்துக்குக் குருதியை ஊட்டுவது இருதயம். ஒரே நுகத்திற் பூட்டிய இரண்டு எருதுகளுள் ஒன்று தள்ளாடினால் மற்றொன்று நேரே நடப்பது எங்ஙனம்? "இருதயச் செயலிழப்பு" என்னும் சொல்லைக் கேட்டதும் இருதயம் நின்றுவிட்டது என்று அஞ்சுவோர் பலர். அதன் பொருள் அதுவன்று. தன் சுமையை முற்றாகத் தாங்கமாட்டாது இருதயம் தளர்ந்திருக்கும் நிலையையே அச்சொல் குறிக்கும். அந்நிலையோடு வைத்தியசாலைக்கு வருவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, விடுதியிற் படுத்திருக்கும் நாட்களிலேயே சிறுநீரகத்தின் தொழிலும் குன்றிவிடுகின்றது. இவ்விரட்டைத் தளர்ச்சியே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

மூலிகையும் மெழுகுவர்த்தியும்

உடலெங்கும் நீர் கோத்து வீங்கும் நோயை நம் முன்னோர் மகோதரம், நீர்க்கோவை முதலிய பெயர்களால் அறிந்திருந்தனர். மேனாட்டாரும் அதனைத் தனியொரு நோயாகவே நெடுங்காலம் கருதி வந்தனர். இங்கிலாந்தில் வில்லியம் விதறிங் என்னும் வைத்தியரிடம், 1775ஆம் ஆண்டில், ஷ்றொப்ஷயர் பகுதியிலிருந்த ஒரு மூதாட்டி வீக்கத்துக்குக் கொடுத்துவந்த குடும்ப மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த அம்மருந்தில் வேலை செய்வது பொக்ஸ்குளோவ் என்னும் பூஞ்செடியே என்று அவர் கண்டறிந்தார். பத்தாண்டு ஆராய்ந்து, 1785இல் அதனைப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். அவ்விலையை உண்டோர்க்குச் சிறுநீர் பெருகி வீக்கம் வடிந்தது. எனினும், அம்மருந்து இருதயத்தின் இயக்கத்தின் மீது தனியாற்றல் உடையது என்பதையும் அவர் கவனித்து எழுதினார். இருதயத்தைத் தொட்ட மருந்து சிறுநீரைப் பெருக்கியது. இரண்டுக்குமுள்ள உறவின் நூல் முனை அன்றே வெளியே தெரிந்துவிட்டது எனலாம்.

அந்நூலின் மறு முனையைப் பிடித்தவர் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் பணிபுரிந்த றிச்சாட் பிறைற். வீக்கம் கண்ட நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரிற் காய்ச்சினால், சிலருடையது முட்டை வெண்கரு போலத் திரள்வதை அவர் கண்டார். அத்தகையோர் இறந்தபின் உடலைச் சோதித்தபோது அவர்தம் சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன. இவ்வுண்மையை 1827இல் வெளியிட்டார். 1836இல் அவர் எழுதிய மற்றோர் அறிக்கையில், சிறுநீரகம் சிதைந்தவர் பலரின் இருதயமும் பருத்துத் தடித்திருந்தமையைக் குறிப்பிட்டார். வீக்கம் தனியொரு நோயன்று, உறுப்புகளின் தளர்ச்சிக்கு அடையாளமே என்னும் தெளிவு இவ்வாறு பிறந்தது.

வறட்சியா, தேக்கமா?

இனி, இருதயம் தளரும்போது சிறுநீரகம் ஏன் தளர்கின்றது என்னும் வினா எழுகின்றது. இதற்கு எளிதாகத் தோன்றும் விடை ஒன்றுண்டு. இருதயம் போதிய குருதியைச் செலுத்தவில்லை. ஆதலின் சிறுநீரகம் நீரின்றி வாடும் பயிர்போல வாடுகின்றது என்பதே அது. இவ்விடையிலும் உண்மை உண்டு.

1898இல் சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்ரொக்ஹோமில், றொபேட் ரைகஸ்ரெட் என்பவரும் அவர்தம் மாணவர் பேர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயல்களின் குருதியிற் செலுத்த, அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றிலுள்ள பொருளுக்கு றெனின் என்று பெயரிட்டனர். தனக்கு வரும் குருதி குறைந்தது என்று உணர்ந்தவுடன் சிறுநீரகம் றெனினைச் சுரக்கின்றது. அதன் தொடர்ச்சியாகக் குழாய்கள் சுருங்குகின்றன. உப்பும் நீரும் கழிக்கப்படாது உடலிலே சேமிக்கப்படுகின்றன. காயம்பட்டுக் குருதி ஒழுகிய ஒருவனுக்கு இஃது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆயின், குருதி குறைந்தது காயத்தாலா இருதயத் தளர்ச்சியாலா என்று சிறுநீரகம் பகுத்தறிய மாட்டாது. இரண்டையும் பஞ்சமெனவே கொண்டு நீரைப் பதுக்குகின்றது. பதுக்கிய நீர் தளர்ந்த இருதயத்தின் மேற் சுமையாக ஏறுகின்றது. சுமை ஏற ஏற இருதயம் மேலும் தளர்கின்றது.

இத்துணையும் உண்மையேயாயினும், இது பாதி உண்மையே. மறு பாதியை விளக்க நம் நாட்டு வயல்வெளியே நமக்குத் துணை செய்யும். குளத்தின் துருசைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சுகிறோம் என்று கொள்வோம். வாய்க்காலில் நீர் வந்தாற் போதுமா? கடைசி வரம்பின் வடிவாய்க்காலும் திறந்திருத்தல் வேண்டும். அது அடைபட்டு அப்பால் வெள்ளம் உயர்ந்து நின்றால், வயலிலுள்ள நீர் நகராது. பயிர் மூழ்கி அழுகும். துருசை எவ்வளவு திறந்தும் பயனில்லை.

சிறுநீரகத்தின் நிலையும் இத்தகையதே. தளர்ந்த இருதயம் திரும்பி வரும் குருதியை உடனுக்குடன் ஏற்றுக்கொள்ள மாட்டாமையால், அக்குருதி நாளங்களிலே தேங்குகின்றது. கழுத்து நாளம் புடைத்து நிற்பதும், கால் வீங்குவதும், வயிறு உப்புவதும், தலையணை தாழ்ந்தால் மூச்சு முட்டுவதும் தேக்கத்தின் வெளி அடையாளங்களாம். உள்ளே சிறுநீரக நாளங்களிலும் அதே அழுத்தம் ஏறி நிற்கின்றது. வாயிலுக்கும் கடைவாயிலுக்கும் அழுத்த வேறுபாடு குறைந்தால் வடிகட்டி எங்ஙனம் வேலை செய்யும்?

பிரித்தானிய உடற்றொழில் ஆராய்ச்சியாளர் எவ். ஆர். வின்ரன், உடலினின்றும் பிரித்தெடுத்த சிறுநீரகத்தில் நாள அழுத்தத்தை உயர்த்தினாற் சிறுநீர் குறைகின்றது என்பதை 1931இலேயே காட்டினார். எனினும், கட்டிலருகே அவ்வுண்மை முழு மதிப்புப் பெறப் பல்லாண்டுகள் சென்றன. 2009இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் வைத்தியர்கள் கடும் இருதயத் தளர்ச்சியோடு அனுமதிக்கப்பட்ட 145 நோயாளரை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். எவருடைய சிறுநீரகம் மேலும் தளர்ந்தது என்று பார்த்தபோது, இருதயம் செலுத்தும் குருதி குறைந்தவர்களுடையதன்று, நாளங்களில் அழுத்தம் மிகுந்து நின்றவர்களுடையதே பெரும்பாலும் தளர்ந்தது என்று கண்டனர். வறட்சியைவிடத் தேக்கமே பெரிய பகை என்பது அன்று எண்களால் நிறுவப்பட்டது.

மறுபுறமிருந்தும் வரும் தீமை

தளர்ச்சி எப்பொழுதும் இருதயத்திலிருந்தே தொடங்கும் என்று கொள்ளலாகாது. சிறுநீரகம் முதலில் தளர்ந்தாலும் இருதயம் தப்பாது. கழியாத நீர் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். கழியாத பொற்றாசியம் இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து, மிகுந்தால் அதனை நிறுத்தியும் விடும். செங்குருதிக் கலங்களின் ஆக்கத்தைத் தூண்டும் பொருளும் சிறுநீரகத்திலிருந்தே சுரப்பதால், அது குன்றச் சோகை உண்டாகி இருதயத்தின் வேலை பெருகும். இத்தாலிய வைத்தியர் குளோடியோ றொங்கோவும் அவர்தம் குழுவினரும் 2008இல் இவ்வுறவை ஐந்து வகையாக வகுத்தனர். இருதயம் திடீரெனவோ மெல்ல மெல்லவோ தளர்ந்து சிறுநீரகத்தைக் கெடுப்பது இரண்டு. சிறுநீரகம் அவ்வாறே இருதயத்தைக் கெடுப்பது இரண்டு. நீரிழிவு, குருதியில் நச்சுக் கிருமி பரவுதல் போன்ற பொது நோய் இரண்டையும் ஒருங்கே தாக்குவது ஐந்தாவது.

வைத்தியரின் இக்கட்டு

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்நிலையே வைத்தியருக்கும் நேர்கின்றது. தேங்கிய நீரை இறக்காவிட்டால் நோயாளி மூச்சு முட்டி வருந்துவார். இறக்கினால், குருதியிற் கிறியற்றினின் என்னும் கழிவுப் பொருளின் அளவு உயரக்கூடும். தசைகளில் உண்டாகிச் சிறுநீரகத்தாற் கழிக்கப்படும் இப்பொருள், சிறுநீரகத்தின் தொழிலை மதிப்பிடும் அளவுகோலாகக் கொள்ளப்படுவது. அது டெசிலீற்றருக்கு 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலே சிறுநீரகம் தளர்ந்தது என்று குறிப்பது வழக்கம். அந்த எண்ணைக் கண்டு அஞ்சி, சிறுநீர் பெருக்கும் மருந்தை நிறுத்திவிடுவதே நெடுநாள் வழக்கமாக இருந்தது.

இவ்வச்சத்தை ஆராய்ச்சிகள் சோதித்தன. 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 308 நோயாளர் பங்குகொண்டனர். பிறூசமைட் என்னும் சிறுநீர் பெருக்கும் மருந்தைச் சிலருக்கு வழமையான அளவிலும் சிலருக்கு இரண்டரை மடங்கிலும் கொடுத்தனர். மிகுதியாகப் பெற்றவருள் நூற்றுக்கு 23 பேருக்கும் குறைவாகப் பெற்றவருள் நூற்றுக்கு 14 பேருக்கும் முதல் மூன்று நாட்களிற் கிறியற்றினின் 0.3க்கு மேல் உயர்ந்தது. ஆனால், 60ஆம் நாளிற் பார்க்கும்போது அவ்விரு பிரிவினரின் சிறுநீரகங்களுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. 2012இல் இத்தாலியிலிருந்து வெளிவந்த, 599 நோயாளர் பற்றிய ஆய்வு இன்னும் தெளிவான செய்தியைத் தந்தது. கிறியற்றினின் உயர்ந்தும் தேக்கம் நீங்கி வீடு சென்றவர்கள், அஃது உயராதவர்களைப் போலவே நலமாயிருந்தனர். கிறியற்றினின் உயர்ந்து, தேக்கமும் நீங்காது சென்றவர்களே பெரிதும் துன்புற்றனர்.

நீரை மருந்தின்றி இயந்திரத்தால் வடித்தெடுத்தால் என்ன என்னும் எண்ணமும் சோதிக்கப்பட்டது. 188 நோயாளரைக் கொண்டு நடைபெற்று 2012இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில், மருந்தை அளந்து படிப்படியாகக் கூட்டிய முறையே இயந்திரத்தைவிடச் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பாக அமைந்தது. மருந்துக்கு மசியாத தேக்கத்துக்கே இயந்திரம் இன்று பெரிதும் வைக்கப்பட்டிருக்கின்றது.

இவற்றாற் பெறப்படுவது யாது? சிறுநீரக எண் உயர்வதை மட்டும் தனியே வைத்து நல்லது கெட்டது கூறலாகாது. வீக்கம் வடிகின்றதா, மூச்சு எளிதாகின்றதா என்பனவற்றோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். அதேவேளை, எல்லா நோயாளருக்கும் நீரை வற்றச் செய்வதே மருந்து என்றும் கொள்ளலாகாது. வாந்தி பேதியால் உடல் வறண்டவரும், இருதயம் மிகத் தளர்ந்து கை கால் குளிர்ந்து கிடப்பவரும் வேறு வகையினர். அவருள் சிலருக்கு நீரே ஏற்ற வேண்டியிருக்கும். இதனைத் தெளிவது நோயாளியைத் தொட்டுச் சோதிக்கும் வைத்தியரின் வேலை. பார்க்க வந்தவர்கள் கட்டிலருகே நின்று தீர்மானிப்பதற்குரியதன்று.

உறவினர் அறியத்தக்கவை

இனி, செவ்விளநீருக்கு வருவோம். அதில் நீரும் உண்டு; பொற்றாசியமும் மிகுதியாக உண்டு. நலமுடையவர்க்கு அமிர்தம் போன்ற அப்பானம், இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்தவர்க்கு இரு வழியாலும் தீங்கு பயக்கும். தேக்கத்தைப் பெருக்குவதோடு, கழியாத பொற்றாசியத்தால் இருதயத் துடிப்பையும் குலைக்கக்கூடும். அளவுக்கு மிஞ்சினால் என்ற பழமொழியில், அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அநுராதபுரப் பகுதிகளில் 1990களிலிருந்து பரவலாக அறியப்பட்ட சிறுநீரக நோயின் காரணமாக, வெயிலில் உழைப்போர் நல்ல நீரைத் தாராளமாகப் பருகவேண்டும் என்னும் அறிவுரையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அஃது அவர்களுக்குத் தக்கதே. அதனையே இருதயச் செயலிழப்பு உள்ளவர்க்கும் பொருத்துவது பெருந்தவறு.

உப்பும் அவ்வாறே. நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பே எவர்க்கும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. நம் வீட்டுக் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் அதனை ஒரு வேளையிலேயே எட்டிவிடும். உப்பு எங்கு செல்கின்றதோ அங்கு நீரும் உடன் செல்லும். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் சில பொடிகளிற் பொற்றாசியம் கலந்திருத்தலால் அவற்றையும் வைத்தியரைக் கேளாது வாங்கலாகாது.

மூட்டு நோவுக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் இபுப்புறோபன், டைக்குளோபெனக் முதலிய குளிசைகள் மற்றோர் அபாயம். இவை சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைத்து, உப்பையும் நீரையும் தேங்கச் செய்வன. நோயாளி உண்டுவந்த மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, விடுதி வைத்தியரிடம் ஒளியாது கூறுதல் வேண்டும்.

வைத்தியசாலையில் ஒவ்வொரு காலையும் நோயாளியை நிறுத்துப் பார்ப்பதை வெறும் சடங்கென எண்ணற்க. 1 இலீற்றர் நீரின் நிறை 1 கிலோகிராம். ஆதலின் தராசே தேக்கத்தின் கணக்குப்பிள்ளை. வீடு திரும்பிய பின்னும், காலையிற் சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன், அதே தராசில் நிறுத்து, ஒரு கொப்பியிற் குறித்து வரலாம். மூன்று நாளில் 2 கிலோகிராமுக்கு மேல் ஏறினால், மூச்சு முட்டும்வரை காத்திராது வைத்தியரை நாடுதல் நன்று. "சிறுநீரகம் கெட்டுவிடும்" என்று அயலார் சொற்கேட்டுக் குளிசையைத் தாமே நிறுத்துவது, வடிந்த வெள்ளத்தை மீண்டும் வயலுக்குள் விடுவதை ஒக்கும்.

நம்பிக்கைக்கு இடமுண்டு

இருதயத்துக்கு நல்லது சிறுநீரகத்துக்குத் தீது என்னும் பழைய எண்ணத்தை அண்மைக்கால மருந்தொன்று மாற்றியுள்ளது. 1835இல் ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புளோறிசின் என்னும் கசப்புப் பொருள், சிறுநீரில் வெல்லத்தை வெளியேறச் செய்வது பின்னர் அறியப்பட்டது. அதன் வழிவந்த குளிசைகள் முதலில் நீரிழிவுக்கெனவே ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான டப்பாகிளிபுளோசின், 2019இல் 4,744 இருதய நோயாளரிடத்தும், 2020இல் 4,304 சிறுநீரக நோயாளரிடத்தும் சோதிக்கப்பட்டது. நீரிழிவு இல்லாதவர்க்கும் அது பயன் தந்தது. அதே இனத்தைச் சேர்ந்த எம்பாகிளிபுளோசின், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்த 530 இருதய நோயாளருக்கு விடுதியிலேயே தொடங்கப்பட்டு நன்மை செய்தமை 2022இல் அறிவிக்கப்பட்டது. ஒரு குளிசையே இரு உறுப்பையும் காக்கும் காலம் வந்துவிட்டது. அது யாருக்குப் பொருந்தும் என்பதை வைத்தியரே கூறவேண்டும்.

அளந்து தரப்படும் நீர் நோயாளிக்குப் பெருந்துன்பமே, தாகம் கொடியது. அத்துன்பத்தை ஆற்றுவதில் உறவினர்க்கு நிறையப் பணியுண்டு. அனுமதிக்கப்பட்ட நீரைப் பெரிய குவளையில் ஒரேயடியாகக் கொடாது, சிறு கிண்ணத்திற் பலமுறை பகிர்ந்து கொடுக்கலாம். வாயைக் கொப்பளிப்பித்து, உலர்ந்த உதட்டை ஈரத் துணியால் ஒற்றிவிடலாம். வைத்தியர் இசைந்தால் ஒரு தேசிக்காய்த் துண்டை நாவிலே தொட்டு வைக்கலாம். கொடுத்த ஒவ்வொரு கிண்ணத்தையும் கழித்த ஒவ்வொரு அளவையும் எழுதிவைத்துத் தாதியரிடம் காட்டலாம். நோயாளிக்கு வேண்டியது இத்தகைய அன்பே. அளவறிந்து செய்யும் இச்சிறு பணிவிடை, இருதயத்தின் சுமையையும் சிறுநீரகத்தின் சுமையையும் ஒருங்கே குறைக்கும்.